உன் மாமா வைத்திருந்த சிறுத்தை

ஈரச் சுண்ணாம்பின் வாசனை. அறைக் கதவைத் திறந்ததும் அதுதான் முதலில் வந்தது.

புயல் கடந்து ஆறாவது நாள். சிதம்பரத்தில் நான் குடியிருக்கும் மாடி அறையின் கூரையில் இரண்டு ஓடுகளைக் காணவில்லை. அம்மாவைப் பார்க்கக் காட்டுமன்னார்கோயில் போய், பஸ் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பரணில் இருந்ததெல்லாம் நனைந்து கிடந்தது. எம்.ஏ. நோட்டுகள். பழைய போர்வை. அதற்கடியில் நீ கொடுத்த பொட்டலம். சுற்றியிருந்த செய்தித்தாள் கூழாகிக் கழன்றிருந்தது.

நான் பிரிக்கவில்லை. மழை பிரித்தது.

உள்ளே பிளாஸ்டரில் வார்த்த ஒரு தடம். மண்ணில் குழியாக விழுந்தது பிளாஸ்டரில் மேடாக எழும்பியிருந்தது. அதனால் கையில் எடுத்தபோது ஒரு தடத்தைப் பார்ப்பது போல இல்லை. ஒரு பாதத்தைப் பிடித்திருப்பது போல இருந்தது. விரல்களுக்கு இடையே செம்மண் அப்பியிருந்தது. செய்தித்தாளின் எழுத்துகள் ஓரத்தில் தலைகீழாகப் பதிந்திருந்தன. எந்தச் செய்தி என்று படிக்க முடியவில்லை.

நீ இதைக் கொடுத்தது இரண்டாயிரத்து எட்டில். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதை இப்போதுதான் பார்க்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

*

விடுதியில் ஒரே அறை நமக்கு. நீ தாவரவியல். நான் தத்துவம். இரண்டு கட்டில், ஒரு மேசை, உன் பக்கத்தில் காய்ந்த இலைகள், என் பக்கத்தில் படிக்காத புத்தகங்கள். இரண்டாயிரத்து ஐந்து பங்குனியில் குள்ளஞ்சாவடிப் பக்கம் உன் மாமா குத்தகைக்கு எடுத்திருந்த முந்திரிக் கொல்லைக்கு என்னை முதல்முறை அழைத்துப் போனாய்.

எனக்கு முந்திரி என்றால் பாயசத்தில் மிதப்பது. மரம் அவ்வளவு தாழ்ந்து, கிளைகள் தரையில் முழங்கை ஊன்றிக்கொண்டு நிற்கும் என்று தெரியாது. நடுப்பகலில் உள்ளே போனால் சாயங்காலம். கனிந்து விழுந்த பழங்களின் புளித்த வாடை. ஒவ்வொரு மரத்தடியிலும் சருகைப் பெருக்கி, கொட்டை விழுந்தால் தெரியும்படி செம்மண்ணைத் துப்புரவாக வைத்திருந்தார்கள். வேலி கிடையாது. ஒரு கொல்லை முடிந்து இன்னொரு கொல்லை எங்கே தொடங்குகிறது என்பது அவரவருக்கே தெரியும்.

வேலியில்லாத இடத்தில் கொட்டை திருடு போகாதா என்று உன் மாமாவிடம் கேட்டேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்.

"ஆளு போட்டு காவக்காத்தா, அந்த ஆளே அள்ளிக்கிட்டுப் போறான். அதான் நா சிறுத்த வெச்சிருக்கிறேன். அதுக்கு சோறு போட வேணாம் பாரு."

நீ சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன்.

மறுநாள் காலை டீக்கடையில்தான் எனக்குப் புரிந்தது. மாமா இரண்டு பேர் காதில் விழும்படி, கொல்லையில் ஒரு ஆட்டுத்தலை கிடந்ததாகச் சொன்னார். பெஞ்சில் இருந்த ஒரு கிழவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"போன வருசம் வந்ததேதானா?"

"அதும் குட்டி மாதிரி தெரியுது."

"தாயி செத்துருக்கும்," என்றார் கிழவர், வருத்தத்தோடு. எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

கொட்டை விழும் காலத்தில் அந்தப் பக்கம் ஒவ்வொரு குத்தகைக்காரரும் ஒன்று வைத்திருந்தார். அடுத்த கொல்லைக்காரரிடம் கரடி. அதற்கடுத்தவரிடம் பெயர் தெரியாத ஒரு மிருகம். நாய் முகம், குழந்தைக் குரல். கடலூர் சாலை ஓரத்துக் கொல்லையில் முனி. மிருகத்துக்குச் செலவாகும் என்று முனி வைத்திருக்கிறார் என்றாய் நீ. யாரும் எதையும் முழுதாக நம்பவில்லை. ஆனால் யாரும் இருட்டிய பிறகு எந்தக் கொல்லைக்குள்ளும் கால் வைக்கவும் இல்லை.

கரடி உண்மையா என்று கேட்டுவிட்டேன். மாமா முகம் மாறியது.

"அது அவுரு கொல்ல. நாம கேக்கக் கூடாது."

அதுதான் அங்கே விதி. ஒருவர் கொல்லை மிருகத்தை இன்னொருவர் பொய் என்று சொல்வதில்லை. அவர் தலையாட்டினால் நாளை இவர் தலையாட்டுவார். தத்துவம் படிக்கிறவனுக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. விடுதிக்குத் திரும்பி, அந்தக் கரடியைப் பற்றி ஒரு வாரம் பேசினேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய்.

சிறுத்தையின் தடம் போடுவது உன் வேலை. பத்தாவது படிக்கும்போதே தொடங்கினாயாம். வெயில் தாழ்ந்ததும் கொல்லைக்குள் போவோம். நான் பெருக்கிய மண்ணில் தண்ணீர் தெளிப்பேன். நீ குந்தி உட்கார்ந்து, வலது கையை மடக்கி, முட்டியை அழுத்தி ஒரு பாதம் செய்வாய். பிறகு நான்கு விரல் நுனிகளால் அதற்கு விரல்கள். அந்தக் கையின் மோதிர விரலில் உனக்கு மேல் கணு கிடையாது. சின்ன வயதில் கொட்டை உடைக்கும் மிஷினில் கொடுத்தது. யார் கேட்டாலும் சிறுத்தை கடித்தது என்பாய்.

ஒரு மரத்தடியில் தொடங்கி, வழிப்பாதையைத் தாண்டி, இன்னொரு மரத்தடி வரை. நீ தவளை மாதிரி குந்திக் குந்தி முன்னால் போக, நான் சொம்போடு பின்னால். கடைசித் தடத்தில் எழுந்து நின்று திரும்பிப் பார்ப்பாய்.

"எங்க போவுதுன்னு நெனக்கிற?" என்று ஒருமுறை கேட்டாய்.

"எது?"

"இது," என்றாய், தடங்களைக் காட்டி.

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். இப்போது நினைத்தால் நீ என்னைவிடக் கொஞ்சம் பிந்திச் சிரித்தாய்.

*

படிப்பு முடிந்தது. உனக்குக் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் ஷிப்ட் வேலை. எனக்கு இங்கே ஒரு தனியார் கல்லூரியில். பேசக் காசில்லாத காலம், மிஸ்டு கால்தான் பாஷை. ஒன்று என்றால் வந்து சேர்ந்தேன். இரண்டு என்றால் கூப்பிடு. மூன்றுக்கு நாம் எதுவும் வைத்திருக்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டு. அதே பங்குனி. ஒரு ஞாயிறு விடியற்காலையில் உன்னிடமிருந்து மூன்று மிஸ்டு கால் வந்திருந்தது. எட்டரைக்கு எழுந்துதான் பார்த்தேன். விரல் தவறி அழுத்தியிருப்பாய் என்று நினைத்தேன். சாயங்காலம் நீயே பேசி, அடுத்த ஞாயிறு வா என்றாய்.

கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்த டீக்கடை. நீ எனக்கு முன்பே வந்திருந்தாய். மடியில் செய்தித்தாள் பொட்டலம். நான் உட்காருவதற்குள் சொல்லிவிட்டாய்.

"பாத்துட்டேன் மச்சான்."

"யார?"

"கொல்லையில. கெளயிலேர்ந்து எறங்குச்சு. என்னப் பாத்துச்சு. பெரிசா ஒண்ணும் நெனக்கல, போயிருச்சு."

உன் முகத்தைப் பார்த்தேன். நன்றாக நடிக்கிறாய் என்று நினைத்தேன். டீக்கடைக் கிழவரும் மாமாவும் நினைவுக்கு வந்தார்கள். சொம்பும் தண்ணீரும் நினைவுக்கு வந்தன. அந்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. அது தானாக வந்தது.

"எங்கிட்டயேவா மச்சான்?"

நீ டீயைத் தள்ளி வைத்தாய்.

"ஊர்ல சொன்னேன். எல்லாரும் தலய ஆட்டுறாங்க. மாமாவும் ஆட்டுறாரு. தாயா குட்டியான்னு கேக்குறாங்க. ஒருத்தன் பொய்யின்னு சண்டைக்கி வந்தாகூட தேவல. எவனும் வர மாட்டேங்குறான்."

அதையும் நான் நடிப்பின் பகுதியாகவே எடுத்துக்கொண்டேன். அந்த ஊரில் உன்னை நம்பவும் ஆளில்லை, மறுக்கவும் ஆளில்லை. அந்த விதிக்கு வெளியே உனக்குத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். இதெல்லாம் இப்போது எழுத வருகிறது. அன்று வடை சூடாக இருக்கிறதா என்று கேட்டேன்.

எழும்போது பொட்டலத்தை என் பையில் வைத்தாய். மேல்பட்டாம்பாக்கத்தில் பொம்மை வார்க்கிறவரிடம் பிளாஸ்டர் வாங்கி, தண்ணீர் கேனை அறுத்து அதில் கரைத்து, நீயே ஊற்றி எடுத்தாயாம்.

"வூட்டுக்குப் போயி எண்ணிப் பாரு," என்றாய்.

என்ன எண்ணுவது என்று கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

பிரிக்காமல் பரணில் வைத்தேன். நம்பாததால் என்று சொன்னால் அதில் ஒரு கௌரவம் இருக்கும். அதுகூட இல்லை. அன்று களைப்பு. மறுநாள் வகுப்பு. பிறகு மறதி.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஒருமுறை இந்த அறைக்கு வந்தாய். கட்டிலில் படுத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தவன், பேச்சின் நடுவே நிறுத்தினாய். உன் பார்வை பரணில் இருந்தது. போர்வைக்கடியில் செய்தித்தாள் முனை தெரிந்தது. கட்டின நூல்கூட அவிழவில்லை. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். எட்டி எடுத்துப் பிரிக்கவாவது செய்திருக்கலாம். நீதான் எனக்கு உதவி செய்தாய். வீராணம் நிரம்பிவிட்டதா என்று கேட்டாய். நிரம்பிவிட்டது என்றேன். ஏரியைப் பற்றி ரொம்ப நேரம் பேசினோம்.

அதற்குப் பிறகு நாம் சண்டை போடவில்லை. போன் செய்தாய். சம்பளம், ஷிப்ட், உன் தங்கை கல்யாணம். எல்லாம் சொன்னாய். சிறுத்தையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நீ என்னிடம் மரியாதையாகப் பேசத் தொடங்கியிருந்தாய். எனக்கு அது வயதாகிறது என்று தோன்றியது.

இரண்டாயிரத்துப் பத்து, ஐப்பசி. ஆலப்பாக்கத்துக்கு அருகே. நீ பைக்கில். எதிரே லாரி.

கரடி வைத்திருந்தவர்கூட வந்திருந்தார்.  உன் மாமா பந்தலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

*

வார்ப்பு காய இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் அதைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வடலூர் வழியாகக் குள்ளஞ்சாவடி போனேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. இங்கே காட்ட யாரும் இல்லை.

கொல்லை இருந்த இடத்தில் வானம் இருந்தது. நான் பார்த்த ஒரு மரமும் நிற்கவில்லை. வேரோடு சாய்ந்து, செம்மண் வேர்கள் ஆள் உயரத்துக்கு மேலே எழும்பி, எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன. நடுப்பகலில் சாயங்காலமாக இருக்கும் இடம். வெயிலில் கண் கூசியது. சாலையில் போகிற பஸ் இங்கிருந்தே தெரிந்தது. எங்கோ மிஷின் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.

மாமா ஒரு சாய்ந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. சாப்பிட்டியா என்று கேட்டார். மரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. துண்டைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். நீ கொடுத்தது என்று மட்டும் சொன்னேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் செம்மண்ணைச் சுரண்டினார். பிறகு ஒரு விரலை வைத்துத் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் நின்றார். அதன் மேலேயே விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இது அவன் போட்டதில்ல."

எப்படிச் சொல்கிறீர்கள் என்றேன்.

"அவனுக்கு மூணாவது விரலு ஆழமா வுழாது. மேல்கணு ஏது? நீங்க ரெண்டு பேரும் போட்டுட்டு சிரிச்சிக்கிட்டு வந்துருவீங்க. நாந்தான் பின்னாடியே போயி ஒவ்வொண்ணுலயும் என் விரல வெச்சி சரி பண்ணுவேன். எத்தினி வருசம். எனக்குத் தெரியாதா."

மூன்றாவது விரலை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மற்ற மூன்றைப் போலவே அதுவும் முழுதாக, உருண்டையாக இருந்தது.

"நீங்க சரி பண்ணினதுல ஒண்ணா இருக்கலாமில்ல மாமா?"

"அந்த வருசம் அவன் தடமே போடல. இனிமே போட மாட்டேன்னுட்டான். சிப்காட்டுல வேல கெடச்சிருச்சி, கௌரவம் பாக்குறான்னு நெனச்சேன்." வார்ப்பைத் துண்டின் மேல் வைத்தார். "எங்கிட்ட வந்து சொன்னான். பாத்தேன் மாமான்னு. நா தலய ஆட்டுனேன்."

ரம்பம் நின்றது. யாரோ இருமினார்கள்.

"நா வெச்சிருக்கிறேன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்," என்றார். "அது பாட்டுக்கு இருந்துருக்குது."

பிறகு அவர் செய்தது ஒன்றுதான். தலையைத் தூக்கி, சாய்ந்து கிடந்த கொல்லையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகப் பார்த்தார். புயலுக்குப் பிறகு அவர் அதை எத்தனையோ முறை பார்த்திருப்பார். ஆனால் இந்த முறை அவர் மரங்களைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"ஒரு நெழலு இல்லியேடா," என்றார். "அது எங்க போயிருக்கும்?"

*

திரும்பி வரும் பஸ்ஸில், வடலூர் தாண்டும்போது, உன் இடது கை நினைவுக்கு வந்தது. உன் இடது கையில் எல்லா விரலும் முழுதாக இருந்தன.

நீ இடது கையால் பதித்திருக்கலாம். மாமா அதை யோசிக்கவில்லை. சேத்தியாத்தோப்பு வரை நான் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். என் கையை மடக்கி மடியில் அழுத்தினேன். விரித்தேன். நம்ப விரும்பாதவனுக்கு எப்போதும் இன்னொரு கை கிடைக்கும். எண்ணிப் பார் என்று நீ சொன்னாய். நான் எண்ணிவிட்டேன். எண்ணிய பிறகும் எனக்கு ஒரு கை மிச்சம் இருந்தது.

பஸ் பாலத்தில் ஏறியபோது அந்த யோசனையைக் கீழே போட்டேன். தடத்தில் நான்கு விரலும் முழுதாக இருந்ததால் இல்லை. நீ டீக்கடையில் நான் உட்காரும்வரைகூடப் பொறுக்காமல் சொன்னாய். அன்றே அது எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

நம்புகிறவன் கேள்வி கேட்பான். உன் மாமா ஒன்று கேட்டார். நான் நான்கு வருஷத்தில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. இப்போது என்னிடம் நிறைய இருக்கின்றன. எந்தக் கிளை? இறங்கும்போது சத்தம் கேட்டதா? வாலை எப்படி வைத்திருந்தது? எந்தப் பக்கம் போனது? நீ எவ்வளவு நேரம் அப்படியே நின்றாய்? உன்னைப் பார்த்துப் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை என்றாயே, அது உனக்கு எப்படி இருந்தது?

கல்லூரிக்குப் போகும்போதும், சமைக்கும்போதும் ஒவ்வொன்றாக வருகின்றன. கேட்டு முடிக்கிறேன். அடுத்தது வருகிறது.

ஒன்றை மட்டும் கேட்கத் தேவையில்லை. அது போன பிறகு, அந்த விடியலில், நீ முதலில் யாரைக் கூப்பிட்டாய் என்பது எனக்குத் தெரியும்.

தடத்தை மேசையில் வைத்திருக்கிறேன். இன்னும் ஓடு மாற்றவில்லை. ஓட்டை வழியாக வெளிச்சம் அதன் மேல் விழுந்து நகர்கிறது. விடியற்காலையில் போன் ஒருமுறை அடித்து நின்றால் எழுந்து உட்கார்ந்து காத்திருக்கிறேன். மூன்று வரை. பெரும்பாலும் அது ஒன்றோடு நின்றுவிடுகிறது.